இராவணன் பக்கல் நின்று கதை சொல்லுதல் அறமாகுமா?

சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தில் எழுந்தருளியிருக்கும் முன்னைநாதப் பெருமானையும் வடிவாம்பிகை அம்மையாரையும் வழிபட்டு, வடக்கு நோக்கிச் சில கல் தொலைவு செல்வார் மானாவரி என்னும் சிற்றூரைச் சேர்வர். அங்குள்ள சிவலிங்கத்துக்கு இராமலிங்கம் என்பது பெயர். இராவணனை வதைத்து மீண்ட இராமபிரானைப் பிரமகத்தி தொடர்ந்ததென்றும், வானூர்தி முன்னேசுவரத்தை அணுகியபோது அத்தொடர்ச்சி நீங்கக் கண்டு அவர் இறங்கி வழிபட்டாரென்றும், இறைவன் பணித்தவாறு மானாவரி, திருக்கோணேசுவரம், திருக்கேதீசுவரம், இராமேசுவரம் என்னும் நான்கிடத்தும் இலிங்கம் தாபித்துப் பழி முற்றும் நீங்கப்பெற்றாரென்றும் இக்கடற்கரைச் சைவமக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் சிலரை அத்தலத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். இவ்வரலாற்றை யாம் கூறி முடித்ததும் பத்து வயதுச் சிறுமியொருத்தி எழுந்து, “ஐயா, இராவணன் கெட்டவனென்றால் அவனைக் கொன்றது எப்படிப் பாவமாகும்? கொன்றது பாவமென்றால் அவன் நல்லவனா?” என்று கேட்டாள். யாம் வாய் திறக்குமுன், உடன் வந்திருந்த இளைஞர் ஒருவர், “நல்லவன்தான் பிள்ளை. வென்றவர்கள் எழுதின கதையிலேதான் அவன் கெட்டவன்” என்றார். அவர் கையில் இராவணன் தன் கதையைத் தானே சொல்லுவதாக அமைந்த நாவல் ஒன்றிருந்தது. சிறுமியின் வினாவுக்கும் இளைஞரின் விடைக்கும் ஒருங்கே மறுமொழி கூற அன்று எமக்கு இயலவில்லை. அன்று கூறாதொழிந்ததை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சிறுவர் கதைகளிற் கொடியோராக வந்தோரின் வாயிலாக அக்கதைகளை மீளச் சொல்லும் வழக்கம் இந்நாளில் உலகெங்கும் பரந்திருக்கின்றது. அமெரிக்க நாட்டில் பிராங்க் பாம் என்பார் 1900ஆம் ஆண்டில் ஓஸ் என்னும் கற்பனை நாட்டைப்பற்றிச் சிறுவர்க்கு ஒரு கதை எழுதினார். அதில் மேற்றிசைச் சூனியக்காரி தண்ணீர் பட்டதும் கரைந்தொழிவாள்; அவளுக்கு ஒரு பெயர்தானும் அக்கதையில் இல்லை. கிரெகரி மகுவையர் என்பார் 1995ஆம் ஆண்டில் எழுதிய ‘விக்கிட்’ என்னும் நாவல் அவளுக்கு எல்ஃபபா எனப் பெயரிட்டு, பச்சை நிறத்தோடு பிறந்தமையால் யாவராலும் வெறுக்கப்பட்ட ஒரு பெண்ணாக அவளை நம்முன் நிறுத்துகின்றது. அது 2003இல் இசைநாடகமாகவும் 2024இல் திரைப்படமாகவும் வந்து பலர் உள்ளத்தைக் கவர்ந்தது.

எனினும் இஃது அமெரிக்கரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய புதுமையன்று. வங்காளத்திலே மைக்கேல் மதுசூதன தத்தர் 1861ஆம் ஆண்டிலேயே இந்திரசித்தனைத் தலைவனாக்கிக் காவியம் பாடினார். தமிழகத்திலே புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ இயற்றினார். அந்நூலைச் சென்னை அரசினர் 1948இல் தடைசெய்தனர். தடை நீங்கியது 1971ஆம் ஆண்டிலாகும். ஆனந்த் நீலகண்டன் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய ‘அசுரா’ என்னும் நாவல் 2012இல் வெளிவந்தது. இன்னும் பின்னோக்கிச் செல்லின், விமலசூரி என்னும் சமண ஆசிரியர் பிராகிருத மொழியில் இயற்றிய இராமகதையில், இராவணனுக்குத் தலை ஒன்றே. கழுத்திலணிந்த மணிமாலையில் ஒன்பது முகங்கள் நிழலாடியமையாற் பத்து எனப்பட்டன.

இந்நூல்களை எடுத்த எடுப்பிலேயே தீயவை என்று தள்ளும் பெரியோர் நம்மிடையே உளர். பிள்ளைகளுக்கு நன்று தீது என்னும் வேறுபாடே தெரியாமற் போய்விடும் என்பது அவர் அச்சம். அவ்வச்சத்தை யாம் இகழ்ந்தேமல்லேம். ஆயினும் அம்முடிபை ஏற்கவும் இயலவில்லை. நூலொன்றுக்கு மறுமொழி நூலேயன்றித் தடையன்று. இருபத்துமூன்று ஆண்டு தடைபட்டிருந்தும் இராவண காவியம் அழிந்ததில்லை.

அன்றியும், பகைவனைப் பேசவிடுதல் நம் முன்னோர் கண்ட நெறியேயாம். அம்புபட்டு வீழ்ந்த வாலி இராமபிரானை நோக்கி மறைந்துநின்று எய்த முறைமை யாது என்று வினவும் வினாக்களைக் கம்பநாடர் ஒளித்தாரில்லை. கேட்பவர் நெஞ்சு வாலியின் பக்கம் சாயும்வண்ணமே அவற்றைப் பாடினார். இராவணன் இறந்துபட்டபோது மண்டோதரி புலம்பும் புலம்பலைக் கேட்டுக் கண்கலங்காதார் யார்? பகைவன் மனைவியின் கண்ணீரைக் காட்டியதனாற் காவியம் கெட்டொழிந்ததோ? இல்லையன்றோ!

சைவர்க்கோ இராவணன் இன்னும் அணுக்கமானவன். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாந் திருப்பாட்டில் அவன் கயிலையை எடுத்து நெரிந்ததையும் பின் அருள் பெற்றதையும் பாடுதலை வழக்கமாகவே கொண்டார். மதுரையிற் பாண்டியன் வெப்புநோய் தீரப் பாடியருளிய திருநீற்றுப் பதிகத்திலும், நீறணிந்தவருள் ஒருவனாக அவனை நினைந்தருளினார். இங்கே ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. மலையை எடுத்த செருக்கும், விரலூன்ற நெரிந்த துன்பமும், பாடிப்பெற்ற அருளும் பெரும்பாலும் ஒரே பாட்டினுள் அடுத்தடுத்து நிற்கின்றன. அருள் பெற்றானாதலின் எடுத்தது பிழையன்று எனச் சம்பந்தர் கூறினாரல்லர். பிழை செய்தானாதலின் அருளுக்கு உரியனல்லன் எனவும் கூறினாரல்லர்.

இதன் அடிப்படை யாதெனின், உயிர் வேறு, அதனைப் பற்றிய மலம் வேறு என்னும் சித்தாந்தத் துணிபேயாம். செம்பிற் களிம்பு போல ஆணவம் உயிரைப் பற்றிநிற்கின்றது. களிம்பையே செம்பென்பார் இலர். ஆகவே, பிறவியிலேயே கொடியன், என்றுங் கொடியன் என ஓருயிரைத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. ‘இவன் ஏன் இவ்வாறானான்?’ என்று கேட்கும் நாவலாசிரியர் இம்மட்டில் நம் நன்றிக்கு உரியரேயாவர். ‘அசுரா’வில் அரசர் போர்களால் அல்லலுறும் பத்திரன் என்னும் எளிய அசுரனும் கதை சொல்லுகின்றான். பேரரசர் வெற்றி தோல்விகளினூடே நசுங்கிய குடிகளை நினைப்பித்தலும் ஓர் அறமே.

அங்ஙனமாயின் குறை எங்கே? காரணத்தை விளக்குதல் வேறு. பழியைத் துடைத்தல் வேறு. இந்நாளைய நூல்கள் பல முதலாவதைத் தொடங்கி, அறியாமலே இரண்டாவதிற் சென்று முடிகின்றன. ஒருவன் இளமையில் வறுமையுற்றான், இகழப்பட்டான், தங்கை மானபங்கமுற்றாள் என அடுக்கிக்கொண்டு செல்லுங்கால், படிப்பவர் மனம் இளகி, ‘ஆகையால் அவன் செய்தது சரியே’ என்னுமிடத்துக்கு வழுக்கி விழுகின்றது. வறுமையும் இகழ்ச்சியும் உற்றும் பிறன் மனையைக் கவராதார் எத்துணைபேர் உலகில் உளர் என்பதை அப்போது அம்மனம் மறந்துவிடுகின்றது.

மற்றொரு வழியுமுண்டு. குற்றத்தையே வேறொன்றாக மாற்றிவிடுதல் அது. சீதை இராவணன் மகள் என்று ‘அசுரா’ கூறுகின்றது. அக்கதை பழைய சமண நூலிலும் காணப்படுவதே, புதிதாகக் கட்டியதன்று. ஆயினும் அதன் பயனைப் பாருங்கள். கவர்ந்து சென்றவன் மகளை மீட்கவந்த தந்தையாகி விடுகின்றான். இராவணனுக்குத் தன் ஆசையொடு போராடும் தேவையே இல்லாமற் போகின்றது. கம்பநாடர் கண்ட இராவணனோ அறிவும் இசையும் வீரமும் தவமும் உடையனாயிருந்தும், தவறு இதுவெனப் பிறர் எடுத்துக்காட்டியும், விடமாட்டாமல் அழிகின்றான். இவ்விருவருள் எவன் பெரியவன் என்பதைக் கற்றோர் துணிக.

யாம் இத்தகைய நூல் எதனைக் கையிலெடுப்பினும் ஒரு வினாவைக் கேட்டுப் பார்ப்பதுண்டு: தீங்கிழைக்கப்பட்டவர் இந்நூலில் என்னவானார்? கொடியவன் என்று சொல்லப்பட்டவனுக்குக் குரல் கொடுக்கும் நூல், அவனால் அழுதவரின் குரலைப் பறித்துக் கொடுக்கின்றதா? அசோகவனத்திற் சிறையிருந்தவள் ஒருத்தி. அவள் அச்சமும் உறுதியும் நூலினின்று மறைந்துபோமாயின், அங்கே நீதி நடைபெற்றதில்லை. குரலற்றிருப்பார் ஒருவர்க்குப் பதில் மற்றொருவரானார் என்பதே உண்மை.

எம் மாவட்டத்துக் கடற்கரையூராகிய உடப்பிலே திரௌபதையம்மன் விழாவில் அடியார் ஆண்டுதோறும் தீமிதிக்கின்றனர். அவைநடுவே இழுத்துவரப்பட்ட ஒருத்தியின் துயரை இத்தனை நூற்றாண்டு கழிந்தும் இவ்வழிபாடு மறக்கவிட்டதில்லை. கேரளத்தில் கொல்லத்தை அடுத்த போருவழியிலோ துரியோதனனையே தெய்வமாக வழிபடும் மலநடை உண்டு. தாகத்தோடு வந்த தனக்குத் தாழ்குலத்து மூதாட்டியொருத்தி அளித்த கள்ளை அவன் வேறுபாடு பாராமற் பருகினான் என்பது அவ்வூரார் கதை. உடப்பின் நெருப்பும் போருவழியின் நன்றியும் ஒன்றையொன்று அழிக்க வேண்டுவதில்லை. துரியோதனன்பால் ஒரு நற்குணம் இருந்ததென்றால், அதனால் திரௌபதி அழவில்லை என்றாகிவிடுமா?

இனி, சிறுமியின் வினாவுக்கு மானாவரியே விடை தருகின்றது. ஆங்கு வந்து மணலில் அமர்ந்தவர் தோற்றவரல்லர், வென்றவர். சீதையை மீட்டது அறமே. ஆயினும் அவ்வறத்தைச் செய்யுங்கால் புலத்தியர் வழிவந்தவனும், வேதம் வல்லவனும், சிவபத்தனுமாகிய ஒருவன் உயிர் போயிற்று. ‘அவன் கொடியன், ஆகவே எனக்குக் கணக்கில்லை’ என்று அவ்வெற்றியாளர் கூறினாரல்லர். இறங்கினார், தொழுதார், கழுவாய் தேடினார். தீயோனைக் கொன்றதற்கும் கணக்குண்டென்றால், தீயோன் செய்ததற்குக் கணக்கில்லாமற் போகுமா? வினை ஒருவர் பக்கமும் சாராது இருவரையும் அளக்கின்றது. ‘வென்றவர் எழுதிய கதை’ என்று இளைஞர் கூறினார். வென்றவர் தம் பழியை மறையாமல் கோயிலாக நிறுத்திய இடத்திலே நின்றுகொண்டு அவர் அதனைக் கூறினார் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பாராக.

இவ்வாராய்ச்சி நம் நாட்டிலே வெறும் நூலாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. இராவணன் எம்மவன் எனத் தமிழருட் சிலரும், எம்மவனே எனச் சிங்களவருட் சிலரும் இன்று உரிமை கொண்டாடுகின்றனர். இலங்கைப் பொறியியலார் ஆக்கிய சிறு செயற்கைக்கோளொன்று 2019ஆம் ஆண்டில் ‘இராவணா-1’ என்னும் பெயரோடு விண்ணிற் சென்றது. முன்னோனைப் போற்றுதல் பிழையன்று. எதனைப் போற்றுகின்றோம் என்பதே வினா. மலையை எடுத்த தோள்களையோ, மலையின்கீழ் இசைத்த பாடலையோ? தோள்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் இனம் அவன் ஆணவத்தையே மரபுரிமையாகப் பெறும். தன் குலத்தவன் என்பதனால் ஒருவன் குற்றமற்றவனாகிறான் என்று கதையிற் பழகிய உள்ளம், வாழ்விலும் தன் இனத்தான் செய்த கொடுமைக்கு நியாயம் தேடப் பழகும். முப்பதாண்டுக்கு அணித்தாக நடந்து 2009இல் ஓய்ந்த போரைக் கண்டவர்க்கு இதற்குமேல் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து தொழும் முன்னேசுவரத்து வாயிலில் நின்று இதனைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

பகைவன் பக்கம் நின்று கதை சொல்ல விழைவார்க்கு வழிகாட்டியாக ஒருவனை யாம் சுட்டுவோம். அவன் கும்பகருணன். பிறன் மனையாளைச் சிறைவைத்தது தவறென்று அவையில் அண்ணன் முகத்துக்கு நேரே உரைத்தான். போருக்கு எழுப்பப்பட்டபோதும் அவளை விட்டுவிடுமாறு வேண்டினான். வீடணன் வந்து இராமன்பால் அழைத்தபோது, உண்ட சோற்றை மறக்கமாட்டேன் என மறுத்து, தம்பியை வாழ்த்தி அனுப்பிவிட்டுக் களத்திலே மாண்டான். அவன் எடுத்த முடிபும் குறையற்றதென யாம் கூறவில்லை. ஆயினும் அண்ணனை அவன்போல நேசித்தார் இலர். அண்ணன் பிழையை அவன்போல ஒளியாது உரைத்தாரும் சிலரே. அன்பு அவன் கண்ணை மறைக்கவில்லை. கண்ணிற் கண்டது அவன் அன்பைக் குறைக்கவில்லை. இராவணன் கதையை எழுதுவார் இவன் நின்ற இடத்தில் நின்று எழுதட்டும். அந்நூலை எம் பிள்ளைகள் கையில் யாமே கொடுப்போம்.

அன்று மானாவரியிற் கேட்ட பிள்ளைக்கு இனி இவ்வாறு கூறுவோம்: “அம்மா, இராவணன் பெரியவன், பெரும் பிழை செய்தவன். இரண்டும் மெய். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர் யாராயிருந்தாலும், அவர் நம்மவராயிருந்தாலும், முழுக்கதையையும் சொல்லுங்கள் என்று கேள். கேட்டுவிட்டு, சீதை என்ன சொன்னாள் என்றும் கேள்.”