ஹவ்ளு கட்டுமுன் ஆற்றைப் பாருங்கள்!

 

செங்கற்பட்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத்! எங்கள் மஹல்லா பள்ளிவாசலின் ஹவ்ளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. தோல் ஷாப் நடத்தும் ஒரு செல்வந்தர் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்கிறார். நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகை தவறாதவர். ஆனால் அவருடைய ஷாப்பின் கழிவுநீர் சரியாகச் சுத்தம் செய்யப்படாமலே வெளியே போகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பணத்தில் கட்டும் ஹவ்ளில் உளூச் செய்யலாமா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர நமக்கு மனம் வரவில்லை. தண்ணீரைக் கெடுத்ததாகச் சொல்லப்படும் பணம், தண்ணீர்த் தொட்டி கட்ட வருகிறது. இதைச் சற்று நிதானமாகவே ஆராய வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். தோல் தொழில் இழிவான தொழிலன்று, ஹலாலான தொழில். இறந்து கிடந்த ஓர் ஆட்டைக் கடந்து சென்ற கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று சொன்னதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பதனிட்டால் தோல் தூய்மையாகிவிடும் என்பது ஃபிக்ஹு சட்டம். ஆக, அசுத்தமானதைச் சுத்தமாக்கும் தொழில் இது! அப்படிப்பட்ட தொழில், சுத்தமான ஆற்றை அசுத்தமாக்கலாமா என்பதே நம் கேள்வி.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டை அடைந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும் பகுதி அதில் மணல்தான் தெரியும். ஆனால் மணலுக்கடியில் ஊறும் நீரை நம்பித்தான் கரையோர ஊர்கள் வாழ்ந்து வந்திருக்கின்றன. மேலே வாணியம்பாடியில் ஒருவர் ஆற்றுக்குச் செய்வதைக் கீழே உள்ளவர்களெல்லாம் அனுபவித்தாக வேண்டும். ஆறு என்பது நீண்டதொரு அண்டை வீடு.

முன்னாளில் நம்மவர்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பு கொண்டு பதனிடும் முறை வந்தது. 1970களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலையே அனுப்ப வேண்டும் என்ற கொள்கையை அரசு மேற்கொண்டது. அந்நியச் செலாவணி பெருகிற்று; குரோமியம் கலந்த கழிவும் பெருகிற்று. பச்சைத் தோல் கெடாதிருக்கத் தடவும் உப்பு வேறு, கழுவும் நீரோடு சேர்ந்து மண்ணில் இறங்கிற்று. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் வெளுத்தன.

மக்கள் வழக்குமன்றம் ஏறினார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிரிடத் தகுதியற்றுப் போயிருப்பதாக வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வொன்று கண்டதையும் அது எடுத்துக்காட்டிற்று. ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

"அது வேலூர்க்காரர் விவகாரம், நமக்கென்ன?" என்று செங்கற்பட்டுக்காரர் சொல்ல முடியாது. அந்த ஐந்து மாவட்டங்களில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று! பல்லாவரமும் குரோம்பேட்டையும் இன்று நம் செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கின்றன. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததல்லவா?

தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. மனச்சாட்சியோடு செலவு செய்து கழிவைச் சுத்தம் செய்தவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆனால் விவகாரம் முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிய இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! அன்று கிணறு கெட்டுப்போன விவசாயி இன்று உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, அவருடைய ஹக்கு உயிரோடு இருக்கிறது.

இங்கே நமக்கு ஒரு வேதனை உண்டு, மறைப்பதற்கில்லை. அந்த ஷாப்புகளில் கணிசமானவை நம் சமுதாயத்தவருடையவை. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு நம் முன்னோர் செய்த தர்மங்களோ எண்ணிலடங்கா. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தோன்றியது. மேல்விஷாரத்தில் 1965இல் எழுந்த கல்லூரி, தோல் வணிகரும் பெரும் கொடைவள்ளலுமான சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெரியவரின் காலம் இந்தக் கேடு பெருகுவதற்கு முந்தியது. அவர்கள் விட்டுச் சென்ற நற்பெயரைக் காப்பாற்றும் கடமைதான் பின்வந்தவர்களைச் சேர்ந்தது.

ஆனால் ஷைத்தான் மெல்ல வந்து காதில் ஓதுவான்: "பள்ளிவாசல் கட்டினாய், மதரஸாவுக்குக் கொடுத்தாய், ஏழைக் குமருக்குக் கல்யாணம் செய்து வைத்தாய், கழிவுநீர் கொஞ்சம் போனால் என்ன? கணக்கு நேராகிவிடும்!" சகோதரர்களே, அப்படி நேராகாது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும், பெற்றவருக்கு நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. ஒரு சொல்லால் நோவினை செய்தாலே தர்மம் பாழாகுமென்றால், கிணற்றைக் கெடுத்துக் குடும்பத்தையே நோவினை செய்தவரின் தர்மம் என்னாகும்?

உண்மையான ஏழை யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவிய செய்தியை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். கியாமத் நாளில் அவன் தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும்தான் வருவான். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவர் மீது அவதூறு சொல்லியிருப்பான், ஒருவர் பொருளைத் தின்றிருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். அவை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். மஹ்ஷரில் பாலாற்றங்கரையின் ஒரு விவசாயி வந்து நின்று, "யா அல்லாஹ்! என் கிணறு" என்று சொன்னால், நாம் கட்டிய மினாராவைக் காட்டித் தப்பிக்க முடியுமா?

இன்னொரு ஹதீஸில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமை காட்டினார்கள். மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். கீழே இருப்பவர்கள், தண்ணீருக்காக மேலே ஏறி இறங்கித் தொல்லை கொடுப்பானேன், நம் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்வோம் என்கிறார்கள். மேலே இருப்பவர்கள் தடுக்காவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். "என் ஷாப், என் நிலம், என் கால்வாய்" என்பவரும் அந்த ஓட்டையைத்தான் போடுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் ஜமாஅத்தும் அந்தக் கப்பலில்தான் இருக்கிறது.

இந்த உவமையை நம் கடற்கரையிலேயே கண்ணால் காணலாம். கோவளம் தர்ஹாவுக்குச் சென்றுவிட்டு மாமல்லபுரம் நோக்கிப் போகிறவர்கள், வழியில் நெம்மேலியைக் கடந்திருப்பார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் அங்கே இயங்குகிறது; இரண்டாவது நிலையமும் 2024இல் திறக்கப்பட்டது. கடலின் உப்பை நீக்க இத்தனை கோடி செலவழிக்கும் நாம், அல்லாஹ் இலவசமாகத் தந்த ஆற்று நீரில் உப்பைக் கலக்கிறோமே, இது நியாயமா?

அரசாங்கச் சட்டமும் இவ்விஷயத்தில் ஓர் அழகான பாகுபாட்டைச் செய்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தையாவது சமூக நலத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆனால் வேறு சட்டப்படி ஏற்கெனவே செய்தே தீர வேண்டிய கடமைக்கான செலவை இந்த 2 சதவிகிதத்தில் கணக்குக் காட்ட முடியாது என்று 2021இல் விதியைத் தெளிவாக்கினார்கள். அதாவது, கழிவுநீரைச் சுத்தம் செய்வது கடமை. அதைத் தர்மக் கணக்கில் எழுதாதே என்பது பொருள். நம் மார்க்கமும் இதைத்தானே சொல்கிறது? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை ஸகாத் என்று எழுதிக்கொள்ள முடியுமா?

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். முடிவான ஃபத்வாவை முஃப்திகளிடம் கேட்டுப் பெறுங்கள். நம் மனத்தில் பட்டதைச் சொல்கிறோம். முதலாவது, ஊர்ப்பேச்சை நம்பி ஒரு முஸ்லிமைக் குற்றவாளியாக்காதீர்கள், நேரில் விசாரியுங்கள். இரண்டாவது, தொழில் ஹலாலானது. எனவே அவர் பணம் முழுவதும் ஹராம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. மூன்றாவது, பேச்சு உண்மையாயிருந்தால், ஜமாஅத்தார் அவரிடம் தனியே சென்று மரியாதையாகச் சொல்லட்டும்: "பாய், ஹவ்ளு காத்திருக்கும். முதலில் உங்கள் கழிவுநீரைச் சரி செய்யுங்கள். யாருடைய கிணறு கெட்டதோ அவருக்குரியதைக் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள். அவர் ஹிந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் ஹக்கு ஹக்குதான். பிறகு மிஞ்சுவதில் ஹவ்ளு கட்டுங்கள். அந்தத் தண்ணீரில் நாங்கள் மனமார உளூச் செய்து உங்களுக்கு துஆ செய்வோம்."

இப்படிச் சொல்ல ஜமாஅத்தாருக்குத் துணிவு வேண்டும். நன்கொடை நின்றுபோகுமோ என்ற பயம் வரும். சிமெண்டுத் தரையை விட்டு மண் தரையில் தொழுதாலும் தொழுகை கூடும். பிறர் ஹக்கை விழுங்கிய பாவமோ தொழுகையால் மட்டும் கரையாது.

தோல் ஷாப் இல்லாத நாமும் மகிழ்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டல் வைத்திருப்பவர் கழிவை எங்கே விடுகிறார்? இறைச்சிக் கடைக்காரர் குடலையும் ரத்தத்தையும் எந்த ஏரிக்கரையில் கொட்டுகிறார்? வீடு கட்டுபவர் ஆற்று மணலை எங்கிருந்து, எந்த வழியில் வாங்குகிறார்? நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று எச்சரித்த நபியின் உம்மத் நாம். அடுத்த ஜும்ஆவுக்கு முன் நம் கடையின் பின்பக்கம் ஒருமுறை சென்று, சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டு வருவோம்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தை ஹலாலாக்கி வைப்பாயாக! பிறர் ஹக்கைச் சுமந்துகொண்டு உன் முன் வந்து நிற்கும் இழிவிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் கைகளால் கெட்டுப்போன ஆறுகளையும் கிணறுகளையும் எங்கள் கைகளாலேயே சீராக்கும் தவ்ஃபீக்கைத் தந்தருள்வாயாக! ஆமீன்.