அனிச்சையும் அறமும்

கோலார் தங்கவயலின் வடபகுதியில் உள்ளது பாலகாட். வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழர் பலர் தலைமுறைகளாக உழைத்த தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆழத்தில் அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறுவதை அங்கு 'ஏர் பிளாஸ்ட்' என்பர்.

அவ்வோசை கேட்டவுடன் உடல் துள்ளி விலகும். செவி நரம்பு மூளைத்தண்டுக்குச் செய்தி தர, அங்கிருந்தே தசைகளுக்கு ஆணை பிறக்கிறது. நடந்ததைச் சிந்திக்கும் மூளை பின்னரே அறிகிறது. சூடுபட்ட கை விலகுவதற்கோ தண்டுவடமே போதும். அப்படியானால், அருகில் நின்ற தோழனை விட்டு விலகியவன் குற்றவாளியா?

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. இங்கோ கடிவாளம் அசையுமுன் குதிரை பாய்ந்துவிட்டது. அந்த முதல் துள்ளலில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. கோழைத்தனம் என்று அதைப் பழிப்பது அறியாமை.

ஆனால் மூளையிலிருந்து தண்டுவடத்திற்கு இறங்கும் நரம்பிழைகள் அனிச்சையைத் தடுக்கவும் வல்லவை. அருகில் குழந்தை இருக்க, கொதிக்கும் பாத்திரத்தைக் கை சுட்டும் நழுவவிடாமல் தாய் இறக்கி வைப்பது அதனால்தான். பழியும் புகழும் இங்கேதான் தொடங்குகின்றன.

இடிபாட்டில் சிக்கியோரை மீட்க மறுபடியும் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு அச்சம் இல்லை என்று சொல்வது வழக்கம். தன்னியக்க நரம்புகள் எவருடைய அறிவுரையையும் கேட்பதில்லை. வீரனுக்கும் இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். வியர்த்த கையோடுதான் அவர்கள் கூண்டில் ஏறினார்கள்.