வைத்திருத்தல்

ஒருவரிடம் இருபது வகைத் தக்காளி இருக்கிறது என்றால் அவரிடம் இருப்பது என்ன? இதைச் சொற்சிலம்பமாக நான் கேட்கவில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மொட்டை மாடிகளில் இன்று கறுப்புத் தக்காளியும் மஞ்சள் தக்காளியும் பச்சைக்கோடு விழுந்த தக்காளியும், ஓரத்தில் நந்தியாவட்டையும் கனகாம்பரமும் துலுக்கச் சாமந்தியுமாக, இருநூறு சதுர அடிக்குள் தோட்டம் போட்டிருப்பவர்களைப் பார்க்கிறோம். எண்ணிக்கையைச் சொல்லும்போது அவர்கள் குரல் சற்று உயர்கிறது. பன்மை என்பது நம் காலத்தில் கேள்வி கேட்கப்படாத நற்குணமாகிவிட்டதால் இந்தப் பெருமிதத்தையும் யாரும் பரிசீலிப்பதில்லை. பரிசீலித்தால் 'வைத்திருப்பது' என்ற சாதாரணச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்கள் ஒளிந்திருப்பது தெரியவரும். ஒன்று சேர்ப்பது. மற்றது காப்பது.

தக்காளி நம் வீட்டில் நாலைந்து மாதம் தங்கும் ஜீவன். பிறகு இலை சுருண்டு, தண்டு காய்ந்து, பையிலிருந்து பிடுங்கி எறியப்படும். எனவே ரகம் என்று நாம் சொல்வது அந்தச் செடியை அன்று. ஒரு செடியின் சாவுக்கும் இன்னொரு செடியின் முளைப்புக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாமல் கடந்து செல்லும் ஏதோ ஒன்றுக்குத்தான் ரகம் என்று பெயர். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் குண்டுமல்லியின் கதை வேறு. அது அநேகமாக விதை வைப்பதில்லை. பதியம் போட்டோ குச்சி வெட்டி நட்டோதான் அதைப் பெருக்குகிறோம். வடக்கு மாடவீதியில் முழம் போட்டு விற்கப்படும் மல்லி என்றோ எங்கோ இருந்த ஒரு செடியின் உடம்பே, கை மாறி மண் மாறி நீண்டுகொண்டிருப்பது. மல்லி சாகாமல் தொடர்கிறது. தக்காளி செத்துச் செத்துத் தொடர்கிறது. மல்லியை வைத்திருக்கத் தண்ணீர் ஊற்றினால் போதும். தக்காளியை வைத்திருக்க வருஷா வருஷம் ஒரு தீர்மானம் எடுத்தாக வேண்டும்.

அந்தத் தீர்மானம் ஸ்தூலமானது. செடியில் எது ஆகச் சிறந்த பழமோ, நிறமும் உருவமும் ருசியும் எதில் முழுமையாகக் கூடியிருக்கின்றனவோ, அதைத் தின்னக் கூடாது. நன்றாகக் கனியவிட்டு, சதையோடு விதையைக் கிண்ணத்தில் பிழிந்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டு, நுரையை வடித்துக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். அடுத்த பருவத்தில் இருபது விதை முளைத்தால் இரண்டை வைத்துக்கொண்டு பதினெட்டைக் கிள்ளி எறிய வேண்டும். கிள்ளப்படுபவை எல்லாம் நோஞ்சான்கள் அல்ல. சிலது நன்றாகவே இருக்கும். இடம் இல்லை, அவ்வளவுதான். ஒரு பழம் வழக்கத்தை மீறி வேறு நிறத்தில் வந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த ரகத்தின் பெயரால் அதை விதைக்கு எடுக்கலாகாது. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்ப்பது. ஆனாலும் வெயில் ஏறினால் சூல்முடி மகரந்தக் குழலுக்கு வெளியே நீண்டுவிடும். வண்டு அயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதைத் தடுக்கப் பூங்கொத்துக்கு மெல்லிய துணியைக் கட்ட வேண்டும். ஆக, நாம் ரசிக்கும் பன்மைக்குப் பின்னால் இருப்பது தாராள மனசு அன்று. ஒரு ரகம் தானாகவே இருந்துகொண்டிருக்க, வேறு பலவாக ஆகக்கூடிய அதன் சாத்தியங்களை யாரோ ஒருவர் இடைவிடாமல் மறுத்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பத்து வருஷத்தில் இருபது ரகம் இருக்காது. பெயர் சொல்ல முடியாத ஒரு கலவைதான் மிஞ்சும்.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். சிறிய மாடி முப்பது பை தாங்கும். இருபது ரகம் என்றால் ரகத்துக்கு ஒரு செடி, சிலவற்றுக்கு இரண்டு. ஒரே செடியிலிருந்து விதை எடுத்தால் அந்தச் செடியின் தற்செயலே ரகத்தின் விதியாகிவிடும். ஐந்தாறு செடிகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ரகத்தின் இயல்பு எது, இந்த வருஷத்து வெயில் செய்த விசேஷம் எது என்று தெரியும். அப்படியானால் முப்பது பையில் ஐந்து ரகத்துக்கு மேல் காக்க முடியாது. இருபதை வளர்ப்பவர் இருபதின் காட்சியை வைத்திருக்கிறார். விதையைத் தபாலில் வரவழைத்து, ஒரு பருவம் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, மறு பருவத்துக்கு வேறு இருபதை வரவழைக்கிறார். கிரிமியாவின் பெயரையும் செரோக்கி மக்களின் பெயரையும் தாங்கிய தக்காளிகள் அவர் மாடியில் ஒரு தை மாசம் இருந்துவிட்டுப் போகின்றன. கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-ல் மூடப்பட்டு, அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. அங்கே சமீப வருஷங்களில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் ஊட்டியிலிருந்தும் ஓசூர்ப் பக்கமிருந்தும் வந்த பூக்களைப் பார்க்கலாம். சென்னையின் காற்றில் வாழாத பூக்கள் சில நாள் சென்னையில் இருக்கின்றன. கண்காட்சியை நான் குறை சொல்லவில்லை. அது தன்னைக் காட்சி என்றே அழைத்துக்கொள்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மறுத்தலே காப்பது என்றால் சந்தை மட்டும் என்ன பாவம் செய்தது? சந்தையும் மறுத்துத்தானே தேர்ந்தெடுக்கிறது? தேனி அருகே அன்னஞ்சி என்ற ஊரின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியில் சடுதிமாற்றத்தைத் தூண்டி உருவாக்கியதுதான் பெரியகுளத்தின் பி.கே.எம். 1. தட்டையாக உருண்டு, காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள் கொண்ட பழம். நெடுந்தூரம் லாரியில் போனாலும் தாங்கும் என்பது அதன் சிறப்புகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கோயம்பேட்டுக்கு ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்து இறங்கும் பெட்டிகளில் இருப்பதும் பயணம் தாங்கும் பழங்களே. பயணம் தாங்குவது அற்ப குணம் அன்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசு அதை 60 ரூபாய்க்கு விற்றது. அந்த வரிசையில் நின்றவரிடம் பச்சைக்கோட்டுத் தக்காளியின் ருசியைப் பற்றிப் பேசுவது அநாகரிகம். மாடித் தோட்டம் ஊருக்குச் சோறு போடாது. போடும் என்று சொல்பவர்கள் முப்பது பையின் விளைச்சலை நிறுத்துப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

ஆனால் சந்தையின் மறுப்புக்கும் தோட்டக்காரரின் மறுப்புக்கும் வேறுபாடு உண்டு. சந்தை எல்லா இடத்திலும் ஒரே விதமாக மறுக்கிறது. ஒருவர் புளிப்புக்காகவும், மற்றவர் தோலின் மென்மைக்காகவும், இன்னொருவர் பாட்டி வீட்டு ரசத்தின் ஞாபகத்துக்காகவும் மறுக்கும்போது, அத்தனை பேரும் குறுகிய ரசனை உள்ளவர்களாக இருந்தும் மொத்தத்தில் பன்மை மிஞ்சுகிறது. ஒரே குறுகல் எங்கும் பரவினால் ஒன்று மட்டும் மிஞ்சும். மேலும் வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து நட்டால் தாய்ச் செடியைப் போல ஒன்று வராது, ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோகும். காக்கும் தீர்மானமே வாங்குபவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. இந்தியாவின் 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆனால் மறுபடி அப்படியே முளைக்கும் விதை கையில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

'நாட்டுத் தக்காளி' என்ற சொல்லையும் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். தென்னமெரிக்காவில் பிறந்து, மெக்ஸிகோவில் பயிராகி, கடல் வழியே வந்த செடி இது. தக்காளி என்ற பெயர்கூட இங்கே முன்பே இருந்த மணத்தக்காளி முதலான சிறு செடிகளிடமிருந்து இரவல் பெற்றது. சீமைத் தக்காளி என்று அடைமொழியோடுதான் அழைத்தார்கள். திவசச் சமையலில் தக்காளி இன்றும் சேராத வீடுகள் மயிலாப்பூரில் உண்டு. பித்ருக்களுக்கு அது இன்னும் அந்நியப் பண்டம்தான். அதே வீட்டில் மறுநாள் தக்காளி ரசம் கொதிக்கும், காய்க்காரரிடம் 'நாடா, பெங்களூரா' என்ற கேள்வியும் எழும். நாட்டு என்ற சொல் பிறப்பிடத்தைக் குறிப்பதாக இருந்தால் இந்தக் கேள்வி கேலிக்கூத்து. இங்குள்ள யாரோ விதை எடுத்து, இங்குள்ள வெயிலில் தேறியதை வைத்துக்கொண்டார்கள் என்பதைக் குறிப்பதாக இருந்தால் அது சரியான சொல். லாங் டாங்க் என்ற நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்தது தியாகராய நகர். ஏரியின் மேல் நிற்கும் மாடியில், தென்னைநார்க் கழிவு நிரப்பிய பையில் தோட்டம் போடுபவருக்கு மண்ணின் பூர்வீகம் பேசும் பாத்தியதை கிடையாது. அவர் பேசக்கூடியது இத்தனை வருஷம் காத்தேன் என்பதை மட்டும்.

காப்பதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதை இந்த ஊரின் இரண்டு வருஷங்கள் காட்டின. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் அநேகமாக வறண்டன. தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்றன. ஒரு பைக்கு நாளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் முப்பது பைக்கு இரண்டு குடம். இரண்டு குடம் ஒரு குடும்பத்தின் சமையலுக்கும் குடிக்கவும் ஆகும். அந்தக் கோடையில் தோட்டத்தை நனைப்பது தனிப்பட்ட ரசனையின் விஷயமாக இருக்க முடியவில்லை. மல்லிக்கு அரிசி களைந்த நீரை ஊற்றலாம். அதில் யாருடைய பங்கும் இல்லை. தக்காளிக்கு அதுகூட வேண்டாம். இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத மாதங்களில் பெரும்பாலான ரகங்கள் பூவை உதிர்த்துவிடும். உலர்ந்த விதையாகக் குப்பியில் கிடந்தால் ஈரம் படாதவரை மூன்று நாலு வருஷம் தாங்கும். வேண்டாத காலத்தில் ஒன்றும் கேட்காமல் காத்திருப்பது விதையின் தன்மை. காப்பவர் அதனிடம் கற்க வேண்டிய அடக்கம் இது. தோட்டம் இல்லாத வருஷத்திலும் ரகம் இருக்கலாம்.

ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தளங்கள் மூழ்கியபோது, குப்பி என்ன, குப்பி இருந்த அலமாரியே நீரில் கிடந்தது. ஒரே வீட்டில் காக்கப்பட்டது ஒரே இரவில் இல்லாமல் போகும். பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூல்நிலையத்தின் ஏட்டுச்சுவடிகள் சொல்வதும் இதுவே. ஓலைக்கும் ஆயுள் உண்டு. செல்லரிப்பதற்குள் யாராவது பார்த்து எழுத வேண்டும், அது பல வீடுகளில் இருக்க வேண்டும். இன்னொருவர் வீட்டில் பிரதி இருந்த நூலுக்கு ஒரு வீட்டின் வெள்ளமும் கரையானும் முடிவாக இல்லை. சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்கள் விஷயத்திலும் அப்படித்தான். இரவல் கொடுத்துத் திரும்ப வாங்காதவரிடம் இன்று இதழ் இல்லை. ஆனால் இதழ் எங்கோ யாரிடமோ இருக்கிறது. பிரம்மஞான சபையின் ஆலமரத்தில் நடுமரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் வேறு வேறு இடங்களில் முன்பே தரை தொட்டிருந்ததால் மரம் இன்றும் நிற்கிறது.

ஆக, வைத்திருப்பதற்கு இரண்டு நிபந்தனைகள். மறுக்க வேண்டும், கொடுக்க வேண்டும். சேர்ப்பவர் இரண்டையும் செய்வதில்லை. எதையும் மறுக்க மனம் வராமல் இருபதை வளர்க்கிறார். தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்ற இன்பத்தை இழக்க மனமில்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை. காப்பவர் மூன்றோ நாலோ ரகத்தோடு நின்றுவிடுகிறார். அந்த நாலும் இன்னும் நாலு மாடியில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார். பக்கத்து மாடியில் வேறு நாலு இருக்கட்டும் என்று விடுகிறார். இருபது என்பது அப்போது ஒரு தெருவின் எண்ணிக்கை ஆகிறது. எந்தத் தனி மனிதரும் அதைத் தன் குரலில் உயர்த்திச் சொல்ல முடியாது.

இதில் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. கொடுத்த விதையை வாங்கியவர் மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடலாம். பக்கத்து ரகத்தோடு கலக்க விட்டு, பழைய பெயரிலேயே நாலு பேருக்குத் தரலாம். கிள்ள மனம் வராமல் இருபது நாற்றையும் ஒரே பையில் நெருக்கி எல்லாவற்றையும் சாகவிடலாம். கொடுத்தவருக்குக் கோபம் வரும். பத்து வருஷம் சிறந்த பழத்தைத் தின்னாமல் காத்தது அது. ஆனால் கோபப்படும் உரிமையைக் கைவிடாமல் கொடுத்தால் அது கொடுத்ததாகாது, கடன். கடனாகத் தந்த விதையை வாங்கியவர் அச்சத்தோடு வளர்ப்பார், தன் ரசனையால் மறுக்கமாட்டார், எனவே அவராலும் அதைக் காக்க முடியாது. கொடுத்தவர் செய்யக்கூடியது அடுத்த ஆவணியில் இன்னும் பத்து விதையை ஒரு காகிதத்தில் மடித்து, ரகத்தின் பெயரையும் விதை எடுத்த வருஷத்தையும் மேலே எழுதி, வேறொருவரிடம் தருவதுதான்.