எது தானம்?

பாரமிதைகள் பத்தனுள் தானமே முதலாவதாக எண்ணப்படுகிறது. ஆயினும், கொடுக்கப்படுவன எல்லாம் தானம் ஆகிவிடுமா? நம் நாட்டில் இக்கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் புதியதொரு வடிவில் எழுந்தது.

2015ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம், தொலைபேசி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, ஏழை மக்களுக்குக் கட்டணமின்றி இணையம் அளிக்க முன்வந்தது. 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்பது பின்னர் அத்திட்டத்திற்கு இடப்பட்ட பெயர். ஆனால் அதில் கிட்டியது இணையம் முழுவதும் அன்று. திட்டத்தில் சேர்க்கப்பட்ட சில தளங்களே. எவை சேரலாம் என்பதற்கு விதி வகுத்ததும் அந்நிறுவனமே.

அவ்வாண்டிலேயே, எல்லாத் தளங்களும் மக்களுக்குச் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்று தன்னார்வலர் சிலர் இயக்கம் தொடங்கினர். ஊதியம் கருதாத அவர்தம் முயற்சியால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திற்கு 10 லட்சத்திற்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. 2016 பிப்ரவரி 8ஆம் நாள், தளத்துக்குத் தளம் வேறுபட்ட கட்டணம் விதிக்கலாகாது என ஆணையம் விதி செய்தது. சில நாட்களில் அத்திட்டம் இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

ஒன்றுமில்லாதவனுக்குச் சிறிதேனும் கிடைப்பதைத் தடுத்தல் கருணையாகுமா என்று அப்போது சிலர் வினவினர். இஃது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. உண்டவன் பசித்தவனுக்குத் தத்துவம் கூறுதல் தகாது. ஆயினும் இதற்கு விடை நம் வரலாற்றிலேயே உண்டு.

பாபாசாகேப் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளியில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அவர் அதனைத் தொடலாகாது. பணியாள் வந்து திறந்தால் பருகலாம். வாராவிடில் தாகத்தோடு இருத்தல் வேண்டும். தண்ணீருக்குக் காசு கேட்டாரில்லை. அதனைத் தானம் என்போமா? 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அவர் நீர் அள்ளிப் பருகியது தாகம் தணிக்க அன்று; பொதுக் குளத்தில் எவரும் தம் கையால் நீர் மொள்ளும் உரிமையை நாட்டவே.

அறிவும் பொதுக் குளமே. பகவான் புத்தர், போதனையில் எதனையும் மூடிய கைக்குள் மறைத்து வைக்கும் ஆசான் தாம் அல்லர் என்று தம் இறுதிக் காலத்தில் ஆனந்தருக்கு உணர்த்தினார். தானத்தின் உயிர் பற்றை விடுதலே. பெறுபவன் எதைக் காணலாம், எதைக் காணலாகாது என்னும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கொடுப்பவன் பொருளை விட்டான், பற்றை விட்டானில்லை.

ஆயின் நம் கடமை இத்துடன் முடிந்துவிடவில்லை. குழாயை அவரவரே திறக்கலாம் என்று விதி வந்தது. குழாயே இல்லாத வீடுகள் இன்னும் உள. குறைபட்ட கொடை வேண்டாம் என்றவர்கள், குறையற்றதைக் கொடுக்கும் கடனையும் ஏற்றவர்களாவர். ஆதலின் நம் விகாரைகளிலும் வாசகசாலைகளிலும் ஒரு கணினியேனும் இணைய வசதியோடு இருத்தல் வேண்டும். அதன்முன் அமரும் சிறுவனைச் சாதி கேளாமலும், காசு கேளாமலும், அவன் தேடும் நல்லறிவுக்கு எல்லை கட்டாமலும் விடுவோமாக. அதுவே தானம்.