யோபுவின் நண்பர்களும் பெங்களூர்ப் பிளேக்கும்

1898-ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் பரவி, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியிலும் மரணம் புகுந்தபோது, இது எவர் பாவத்தின் பலன் என்ற வினா எழாமல் இருந்திராது. விவிலியத்தில், குற்றமின்றித் துன்புற்ற யோபுவின் முன்னும் இவ்வினாவே எழுந்தது. அவன் நண்பர் மூவரும், ஏழு நாள் வாய்திறவாது அவனோடு தரையில் அமர்ந்திருந்த வரையில் உத்தமர்களாயிருந்து, பின்னர் தெய்வநீதிக்கு வக்கீல்களாகி அவனையே குற்றவாளியாக்கினர். கடவுளோ, தம்மோடு வழக்காடிய யோபுவை விடுத்து, தமக்காகப் பரிந்துபேசிய அவர்கள்மீதே சினந்தார். (யோபுவுக்குக் காரணம் கடைசிவரை சொல்லப்படவேயில்லை!) சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவரைவிடப் பெரும் பாவிகளல்லர் என்று இயேசுவும் மறுத்துரைத்தார். ஆதலின், நோயாளியின் பாவக்கணக்கைப் புரட்டுவது பக்தியன்று, அபசாரமே என்பது என் துணிபு. பெங்களூருக்குப் பயன்பட்டதும் அக்கணக்கன்று, செயலே: பிளேக்கின் நெருக்கடியில் பசவனகுடி, மல்லேசுவரம் என்னும் குடியிருப்புப் பகுதிகள் விரைந்து வளர்ந்தன. 1900-இல் அந்நகரில் விக்டோரியா மருத்துவமனையும் திறக்கப்பட்டது.