அனுமதிப்பத்திரமும் அந்திமக்காலமும்

கடையில் வாங்கிய அரிசி புழுத்திருந்தால் அடுத்த கிழமை வேறு கடைக்குப் போகிறோம். கடைக்காரனும் இதை அறிவான். ஆகவே ஓரளவேனும் அஞ்சி நடக்கிறான். சுதந்திர வியாபாரத்தின் நியாயம் என அதன் ஆதரவாளர் கூறுவதெல்லாம் இறுதியில் இந்த அச்சத்திலேயே தங்கியிருக்கின்றது. ஆனால் மீண்டும் வரவே முடியாத ஒருவன் வாங்குபவனாக இருந்தால்? மரணப்படுக்கையில் கிடப்பவனுக்கு அடுத்த கிழமை என்று ஒன்றில்லை. அவன் வலியால் துடித்த இரவில் தாதி வரவில்லை என்பதற்கு அவனே முதற்சாட்சி. அச்சாட்சி சில நாட்களில் மண்ணுக்குள் போய்விடுகின்றது.

இத்தகையோரைப் பராமரிக்கும் தாபனங்களுக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரம் வழங்குவதா, வழங்கின் எவ்விதம் என்ற கேள்வி வெறும் நிர்வாகக் கேள்விபோலத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. முறையிட இயலாதவனுடைய உரிமையை யார் காப்பது என்ற பழைய அறவினாவே இங்கு அலுவலகத் தாளின் உருவில் வந்து நிற்கின்றது.

நோயைத் தீர்க்க இனி வழியில்லை என்ற நிலையில், வலியைத் தணித்து, மனத்தை ஆற்றி, மனிதனை மனிதனாகவே இறுதிவரை வைத்திருக்கும் பராமரிப்பை ஆங்கிலத்தில் ‘ஹொஸ்பிஸ்’ என்பர். அதன் இக்கால வடிவம் 1967இல் இலண்டனில் சிசிலி சோண்டர்ஸ் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லத்துடன் பிறந்தது. தாதியாகத் தொழிலைத் தொடங்கிப் பின்னர் வைத்தியரானவர் அவர். போலந்திலிருந்து அகதியாக வந்து, 1948இல் இலண்டன் வைத்தியசாலையொன்றில் உற்றார் எவருமின்றி இறந்த டேவிட் தாஸ்மா என்ற யூத இளைஞர், தம்மிடமிருந்த 500 பவுணை அவருக்கு விட்டுச்சென்றார். ஓர் ஏழை அகதியின் கொடையே இவ்வியக்கத்தின் முதல் மூலதனம் என்பதை மறந்துவிடலாகாது. பின்னர் அம்மூலதனம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் காண்போம்.

அமெரிக்காவில் 1974இல் கனெக்டிகட் மாநிலத்தில் இப்பணி தொடங்கியது. அக்காலத்தில் அதைச் செய்தோர் பெரும்பாலும் தொண்டர்களும் சமய நிறுவனங்களுமே. 1982இல் அந்நாட்டுக் காங்கிரஸ், முதியோருக்கான ‘மெடிகெயர்’ அரசாங்கக் காப்புறுதியின் பணத்தை இதற்கும் வழங்கச் சட்டம் இயற்றியது. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆறு மாதத்திற்குமேல் உயிர்வாழ்வது அரிது என வைத்தியர் சான்று தரவேண்டும். நோயாளி அந்நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கான காப்புறுதியைத் துறக்க வேண்டும். தாபனத்திற்கோ நாட்கணக்கிற் பணம். வீட்டிலே நோயாளியைப் பராமரிப்பதற்கு அண்மை ஆண்டுகளில் நாளொன்றுக்குச் சுமார் 200 டொலர் வழங்கப்படுகின்றது. அன்று எவரும் அவ்வீட்டுப் படியை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் தொகை ஒன்றே.

இந்தக் கடைசி விதியை வாசகர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். குறைவாகச் செய்பவனுக்கு அதிக இலாபம்; சீக்கிரம் இறப்பவனிலும் மெதுவாக இறப்பவனால் ஆதாயம்; இறக்கவே போகாதவனால் எல்லாவற்றிலும் ஆதாயம். தொண்டர்கள் கையில் இருந்தபோது இவ்விதியால் கேடு விளையவில்லை. மூலதனம் உள்ளே நுழைந்ததும் அது தன் இயல்பைக் காட்டியது. இன்று அந்நாட்டு ஹொஸ்பிஸ் தாபனங்களிற் பத்தில் ஏழுக்கு மேற்பட்டவை இலாபம் கருதி நடப்பவை.

கலிபோர்னியா மாநிலத்தின் கணக்காய்வாளர் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதன் விளைவைக் கூறுகின்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் ஹொஸ்பிஸ் தாபனங்களின் தொகை 2010இன் பின் 1,500 சதவீதத்தால் பெருகியிருந்தது. ஒரே கட்டிடத்தின் முகவரியில் ஹொஸ்பிஸ்களும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களுமாக 150க்கு மேற்பட்டவை அனுமதி பெற்றிருந்தன; அக்கட்டிடம் அத்தனைக்கும் இடங்கொள்ளாது. மரணம் அண்மிக்காதவர்களும் நோயாளிகளாகப் பதியப்பட்டனர். 2019 ஓராண்டில் மட்டும் அம்மாவட்டத்துத் தாபனங்கள் மெடிகெயரிடம் 10 கோடியே 50 இலட்சம் டொலர் மிகையாகப் பெற்றிருக்கலாம் என்பது அறிக்கையின் மதிப்பீடு.

பணம் களவு போனது சிறிய குற்றம். பெரிய குற்றம் வேறு. தாம் எதிற் கையொப்பமிட்டோம் என்று அறியாத ஒரு கிழவி, பின்னொரு நாள் உண்மையான சிகிச்சைக்கு வைத்தியரிடம் போகிறாள் என்று கொள்வோம். ‘நீங்கள் இறந்துகொண்டிருப்பவராகப் பதியப்பட்டுள்ளீர்கள், இச்சிகிச்சைக்குக் காப்புறுதி பணம் தராது’ என்ற விடை அவளுக்குக் கிடைக்கக்கூடும். உயிரோடிருப்பவளைச் சாவின் பேரேட்டில் எழுதி விற்றிருக்கிறார்கள்.

இத்தனை தாபனங்களும் கள்ளத்தனமாக நடந்தவை என்று எண்ணிவிடக்கூடாது. அவை அனுமதிப்பத்திரம் பெற்றவை. காப்புறுதிப் பணத்திற்குத் தகுதி வழங்கும் சோதனையைத் தனியார் அமைப்புகளும் நடத்தலாம். அதற்குக் கட்டணம் செலுத்துவது சோதிக்கப்படும் தாபனமே. பரீட்சை எழுதுபவனே பரீட்சகருக்குச் சம்பளம் கொடுக்கும் முறை இது. (ஆசிரியர்களாகிய நம் வாசகர்கள் இதன் சுவையை நன்கறிவர்.) பத்திரம் பெற்ற தாபனம் கைமாறுவதும் வழக்கமாயிற்று. ஒரு நோயாளியைக்கூடக் காணாதவன் சாவைக் கவனிக்கும் உரிமையை விலைக்கு வாங்கலாம். கலிபோர்னியா 2022 ஜனவரி முதல் புதிய பத்திரம் வழங்குவதை நிறுத்தியது. மத்திய அரசு 2023இல் கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா, ரெக்சாஸ் ஆகிய மாநிலங்களின் புதிய தாபனங்களை விசேட கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது.

அவ்வாறாயின் பத்திரத்தை இறுக்குவதே பரிகாரம் என்று நண்பர் சிலர் கூறக்கூடும். அவசரப்பட வேண்டாம். இறுக்கிய பத்திரம் என்ன செய்யும் என்பதற்கு இந்தியா சாட்சி. புற்றுநோயின் கொடும் வலிக்கு மோர்பின் மலிவான, கைகண்ட மருந்து. 1985இல் வந்த போதைப்பொருட் சட்டத்தின் பின், அதனை வைத்திருக்க விரும்பிய வைத்தியசாலை வெவ்வேறு திணைக்களங்களிடம் பல பத்திரங்கள் பெறவேண்டியதாயிற்று. அவையனைத்தும் ஒரே காலத்திற் செல்லுபடியாகவும் வேண்டும். ஒன்று வருமுன் மற்றொன்று காலாவதியாகிவிடும். மருந்தின் பாவனை விழுந்தது. அபின் விளையும் நாட்டிலேயே ஏழை நோயாளி வலியோடு இறந்தான். 2014இலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒரே அனுமதி போதுமென்றாயிற்று.

அதே இந்தியாவின் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டிற் சில வைத்தியர்கள் தொடங்கிய சங்கம், அயலவரையே பயிற்றி வீடுவீடாக அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது. ஆசிரியர், மாணவர், தொழிலாளர் எனப் பலதரத்தாரும் தொண்டரானார்கள். 2008இல் மாநில அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. அயல்வீட்டுக் கிழவரின் படுக்கைப் புண்ணைக் கழுவச் செல்லும் மாணவனிடம் யாரேனும் பத்திரம் கேட்டிருந்தால் அவ்வியக்கம் முளையிலேயே கருகியிருக்கும்.

ஆக, பத்திரம் நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பதிற் பயனில்லை. எதன்மேல் பத்திரம் என்று கேட்கவேண்டும். பரிவுக்கு அனுமதி வேண்டாம். ஆனால் பிறர் சாவின் பேரிற் பொதுப்பணத்தைக் கைநீட்டிப் பெறுபவன், அப்பணத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். அவனுக்கு வழங்கும் பத்திரம் அவனுடைய சொத்தன்று. இறந்துபோகிறவன் கேட்க முடியாத கேள்விகளை அவன் சார்பிற் சமுதாயம் தொடர்ந்து கேட்பதற்கான உரிமை அது. விற்கவோ வாங்கவோ கூடிய பண்டமாக அது மாறும்போது, அரசாங்கம் காவற்காரன் வேலையை விட்டுத் தரகன் வேலைக்குப் போய்விட்டதென்றே பொருள்.

அக்கேள்விகளை யாரிடம் கேட்பது? அமெரிக்க அரசு 2015 முதல் ஒரு வழி வைத்திருக்கின்றது. இறந்தவருடைய குடும்பத்தாரிடம், சில மாதங்கள் கழித்து, வலி தணிக்கப்பட்டதா, இரவில் அழைத்தபோது உதவி வந்ததா என்று வினாக்கொத்து அனுப்புகிறார்கள். மௌனமாகிவிட்ட சாட்சிக்கு மிக அண்மையில் நிற்கும் குரல் இதுவே. ஆனால் ஆண்டொன்றில் இறந்த நோயாளிகள் ஐம்பதுக்குக் குறைவாக இருப்பின், அத்தாபனம் இதிலிருந்து விலக்குப் பெறலாம். உயிரோடு விலக்கி அனுப்பப்பட்ட நோயாளிகளின் வீட்டாருக்கு இவ்வினாக்கொத்துப் போவதேயில்லை. ஒரு கட்டிடத்துக்குள் நூற்றைம்பது பெயர்களாகப் பிரிந்து நிற்போருக்கு ஐம்பது என்ற அவ்வெல்லையின் கீழே ஒதுங்குவது கடினமா? இறக்கப்போகாதவரைப் பதிந்து பணம் பெற்றுப் பின் அனுப்பிவிடுபவனைப் பற்றி எந்த வீட்டிற் கேட்பார்கள்?