அடுக்கு மலரும் அயலவரும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலே அடுக்குச் செவ்வரத்தை நிற்கும் வேலிகள் பல. அதன் பூவொன்றைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். நடுவே நீண்டு நிற்கவேண்டிய தண்டு குறுகிக் கிடக்கிறது. கேசரங்களிற் பல இதழ்களாக மாறிவிட்டன. மகரந்தம் தரும் உறுப்பை விலையாகக் கொடுத்தே அம்மலர் தன் அழகைப் பெற்றிருக்கிறது. அது காய்ப்பதும் அரிது. (ஒற்றைச் செவ்வரத்தையும் இங்கே எளிதிற் காய்ப்பதில்லைதான், ஆயினும் அது வண்டுக்கு மகரந்தமேனும் கொடுக்கிறது.)

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ, 1771 முதல் ஒரு தாய்க்கு, அவர் மகளின் கல்வி கருதி, தாவரவியற் கடிதங்கள் எழுதினார். அடுக்கு மலர்கள் உருக்குலைந்தவை, அவற்றில் இயற்கையைத் தேடவேண்டாம் என்று அவற்றிலே எச்சரித்தார். நம் முற்போக்கு நண்பர் சிலரும் வேறு சொற்களில் இதையே கேட்பதுண்டு: உழைப்போர் வளவில் கத்தரியும் வெண்டியும் நிற்கவேண்டிய இடத்தைப் பயனற்ற பூ பிடித்துக்கொள்ளலாமா?

கேள்வி நேர்மையானதே. ஆனால் பயனை மலருக்குள் மட்டும் தேடுவது போதாது என்பது நம் கருத்து. விதையால் பரவாத ஒரு செடி எவ்வாறு இத்தனை வளவுகளுக்கு வந்தது என்றும் கேட்கவேண்டும்.

மேலைத் தோட்டங்களின் பெருமையாகிய அடுக்குத் துலிப்பும் மனிதர் கையால் வாழ்வதுதான். வசந்தத்தில் இதழ் செறிந்து பூக்கும் இனம் அது. தாய்க்கிழங்கின் பக்கத்தே தோன்றும் சிறு கிழங்குகளைப் பிரித்தே அதனைப் பெருக்குவர். பூப்பதற்கு மூன்று மாதக் குளிர் வேண்டும். நம்மூரிற் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தாலன்றி மொட்டைக் காணமுடியாது. ஒல்லாந்தில் துலிப் கிழங்கு பணத்துக்காகக் கைமாறியது. மண்ணுக்குள் கிடந்த கிழங்கைக் கண்ணாற் காணாமலே கடதாசியில் விற்றனர், வாங்கினர். அரிய கிழங்கு ஒன்றின் விலை ஒரு வீட்டின் விலையை எட்டிற்று. 1637 பெப்ரவரியிற் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டே ஒல்லாந்தர் நமது புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் நாடியது கறுவா, பூவன்று.

நம் செவ்வரத்தையின் பயணம் வேறு. இன்று நாற்றுக்கடைகளிலும் அது விலைக்குக் கிடைக்கிறது. எனினும் வாவிக்கரையில் அது பெரும்பாலும் கேட்டுப் பெறும் பொருள். கேட்டவருக்கு ஒரு முற்றிய கொப்பை வெட்டிக் கொடுப்பர். ஈரமண்ணில் சில வாரங்களில் அது வேர்விடும். கொடுத்தவருக்குக் குறைவொன்றுமில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் தாக்கிற்று. கடலோரக் கிணறுகளும் மண்ணும் உப்பாயின. போரும் மக்களை ஊர்விட்டு ஊர் துரத்தியது. மீண்டு வந்தோர் முற்றத்திலே மறுபடி அச்செடி பூத்ததெனின், அவர்களே முன்னொருநாள் அயலுக்குக் கொடுத்த கொப்பின் வழிவந்ததாகவும் அது இருக்கலாம். விதையற்ற செடிக்கு அயலவரே விதை.

உறுப்பிழந்த ஓர் உயிரை நம் கண்ணின்பத்துக்காகத் தேர்ந்து வளர்த்தவர் மனிதர். அது தொடர்ந்து வாழும் பொறுப்பும் மனிதருடையதே அன்றோ? ரூசோ குறையை மலரிற் கண்டார். அக்குறை நம்மீது ஏற்றும் கடனை எண்ணவில்லை.

ஆயினும் வண்டுக்கு நாம் என்ன சொல்வது? நமது இன்பத்துக்குப் பட்டினி கிடப்பது அதுவே. வேலி முழுதும் அடுக்குச் செடிகளே நிற்பதை நாமும் ஏற்கமாட்டோம். பக்கத்தில் ஒரு முருங்கை நிற்கட்டும். அதன் பூவுக்கு வண்டு வரும். காய் நம் கறிக்கு வரும். கத்தரி கேட்ட நண்பருக்கும் ஒரு பிடி கொடுத்தனுப்பலாம்.